இடது அக்குள்

சீ, கருமம் என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள் சாரதாமணி. நல்லவேளை, ஹாலில் வேறு யாரும் இல்லை. குளித்துவிட்டுக் கட்டிய புடவையின் கஞ்சி மொடமொடப்புகூட இன்னும் அடங்கவில்லை, அதற்குள் இடது அக்குள் நசநசவென்று ஊறிவிட்டது. ஊறாமல் என்ன செய்யும்? ரவிக்கைக்கு மேல் இந்தத் தோளைச் சுற்றி ஒரு வார், அந்தத் தோளைச் சுற்றி ஒரு வார், முதுகில் குறுக்கே இன்னொன்று, எல்லாமாகச் சேர்ந்து அக்குளை ஒட்டித் தொங்கவிட்டிருப்பது ஒரு தோல் உறை. துப்பாக்கி இல்லாத வெறும் உறைதான். லைசென்ஸ் வந்தால்தான் துப்பாக்கி வரும். ஆனால் இப்போதே பழகிக்கொள்ள வேண்டுமாம். காலையில் கண்ணாடி முன்னால் நிறுத்திவைத்துச் சென்னியப்பன் தன் கையாலேயே மாட்டிவிட்டார். கல்யாணமான புதிதில் கழுத்துச் சங்கிலியின் கொக்கியைப் போட்டுவிடச் சொன்னால் அதெல்லாம் எனக்கு வராது என்று நகர்ந்துபோன மனுசன், இன்றைக்கு ஒவ்வொரு கொக்கியாக எத்தனை பொறுமையாகப் போட்டார்! மூச்சை இழுத்துப் பிடி, இப்ப விடு, கையைத் தூக்கு, திரும்பு. முந்தானையை மடிப்பு வைக்காமல் ஒத்தையாக விட்டால் உறை மூடிக்கொள்ளுமாம், புடவையைவிட இதற்குத் தோதான உடுப்பு உலகத்திலேயே கிடையாதாம், ஆம்பளைகள் பாடுதான் கஷ்டமாம், இந்த வேக்காட்டிலும் சஃபாரி போட்டாக வேண்டுமாம். உறையைத் தைத்தவன் ரேக்ளா பந்தய மாடுகளுக்கு வார் தைக்கிற ஆள். அவனுக்கு அளவு கொடுக்க அவளை இதே கண்ணாடி முன்னால் நிற்கவைத்து நூல் பிடித்தார். மாடு என்றால் தலையையாவது உதறியிருக்கும். இவள் பேசாமல் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். இப்போது அருவருப்பெல்லாம் அவரை நினைத்துக்கூட இல்லை, தூக்கிய அந்தக் கையை நினைத்து.

வெளியே கேட்டுப் பக்கம் அவர் குரல் கேட்டது. யாரிடமோ போனில், ஆமாங்க, எஸ்.ஐ. வந்துட்டே இருக்காரு, சும்மா ஒரு விசாரணை, நம்ம ஊட்டம்மா பேருக்கு ஒண்ணு எடுக்கறோம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நம்ம ஊட்டம்மா பேருக்கு. நிலம் வாங்கியபோது இந்தப் பேரு ஞாபகம் வரவில்லை, நார் மில்லுக்குப் பேரு வைத்தபோது வரவில்லை. ஒருத்தர் பேரில் ரெண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்று சட்டம் சொல்லிவிட்டது, உடனே வந்துவிட்டது. கண்ணாடி அலமாரியில் நீல வெல்வெட் துணியின் மேல் கறுப்புப் பிஸ்டலுக்கு ஒரு இடம், வெள்ளி நிற ரிவால்வருக்கு ஒரு இடம். ரெண்டும் அவருடையவை. நடுவில் ஒரு இடம் காலியாக விட்டிருக்கிறார். கோயமுத்தூரில் யாரோ ஒரு மில்காரர் இறந்துபோய் அவர் வைத்திருந்த பழைய ரிவால்வர் விலைக்கு வருகிறது, தந்தப் பிடி போட்டது, அது வந்து அந்த இடத்தில் உட்காரப் போகிறது. பொண்ணு மைதிலி பிறந்து தொட்டிலுக்கு இடம் ஒதுக்கியபோதுகூட இத்தனை பார்த்துப் பார்த்து ஒதுக்கவில்லை. அலமாரியின் அடித்தட்டில் உறைகள் மட்டும் தனியாக அடுக்கியிருக்கும். பழுப்பு, கறுப்பு, பூப்போட்டது, எருமைத் தோல், ராஜஸ்தானத்தில் வாங்கிய ஒட்டகத் தோல். அதைத் திறந்தாலே செத்த மாடு ஒன்று வீட்டுக்குள் எழுந்து நிற்கிறது. அவள் மேலும் இப்போது அந்த வாசம்தான். எஸ்.ஐ. வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்று நேற்றிலிருந்து பாடம் நடக்கிறது. உயிருக்கு ஆபத்து இருக்குதுன்னு சொல்லு. யாராலன்னு கேப்பாங்க. நம்ம பழைய டிரைவர் ஆறுச்சாமின்னு சொல்லு. வாசல்ல நின்னு மெரட்டுனான்னு சொல்லு. அதுக்கு மேல நீ ஒண்ணும் பேசாத, நான் பாத்துக்கறேன். இவ்வளவுதான். ஆறுச்சாமி. நாலைந்து எழுத்து. வாய்க்குள் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறாள், வேகாத கிழங்கு மாதிரி தொண்டைக்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது.

டீப்பாயில் மிக்சர், முறுக்கு, மூடிவைத்த பிளாஸ்க். எஸ்.ஐ.க்குச் சர்க்கரை போட்டா, போடாமலா என்று கேட்கச் சொன்னாரா, மறந்துவிட்டது. அட, விசாரிக்க வருகிறவனுக்கு முறுக்கு எதற்கு! முறுக்கைப் பார்த்ததும் எண்ணெய் ஞாபகம், எண்ணெய் என்றதும் அந்த எண்ணெய். ஞாயிற்றுக்கிழமை தோறும் சாப்பாட்டு மேசையில் தினத்தந்தியை விரித்து, துப்பாக்கி ரெண்டையும் கழற்றிப்போட்டு உட்கார்ந்துவிடுவார். துடைக்கிற துணி அவளுடைய பழைய உள்பாவாடை. மெத்துன்னு இருக்குது சாரதா, கடையில விக்கற துணியெல்லாம் இதுக்குக் கிட்ட நிக்காது என்று ஒரு பாராட்டு வேறு. அந்தப் பாவாடைக் கிழிசலைக் கம்பியில் கோத்துக் குழலுக்குள் விட்டு இழுப்பார், கறுப்பாக வரும், இன்னொரு கிழிசல், மறுபடியும் கறுப்பு. இடுக்குகளைத் தேய்க்க மைதிலி சின்னதில் வைத்திருந்த பல்விளக்கும் பிரஷ், வாத்துப் படம் போட்டது. அதே கையால் தோசையைப் பிய்ப்பார். கழுவிட்டேன், கழுவிட்டேன் என்பார். எந்தச் சோப்புக்கும் போகாத வாசம் அது, மண்ணெண்ணெயும் இரும்பும் கலந்த வாசம், கல்யாண நாளன்று ஊட்டிவிட்ட மைசூர்பாகிலும் அதுதான் இருந்தது, அவள் சிரித்துக்கொண்டே விழுங்கினாள், போட்டோவில் இருக்கிறது. அவர் சட்டைகளைத் துவைக்கப் போட்டால் இடது கைக்குக் கீழே மட்டும் திட்டாக ஒரு பழுப்புக் கறை. வேலைக்காரி பொன்னி முகத்தைச் சுளித்துக்கொண்டு, ஏனுங்கக்கா, அய்யனுக்கு அங்க புண்ணுங்களா என்று ஒருநாள் கேட்டுவிட்டாள். புண்ணுதான் பொன்னி, வேறென்ன. தேர்தல் வந்தால் அந்தப் புண்ணுக்குக் கொஞ்ச நாள் லீவு. லைசென்ஸ் துப்பாக்கியையெல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும், ஓட்டு எண்ணி முடித்த பிறகுதான் திரும்பக் கொடுப்பார்கள். அந்த நாட்களில் அவர் நடக்கிற நடையைப் பார்க்க வேண்டுமே! ஒரு பக்கம் சாய்ந்து, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல், வயிற்றுக்கு ஆகாதவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. போன தேர்தலின்போது அடுக்களையில் இஞ்சி தட்டுகிற சின்ன இரும்பு உலக்கையைக் காணோம். பொன்னியைக்கூடச் சந்தேகப்பட்டாள், பாவம். கடைசியில் பார்த்தால், அதைக் கைக்குட்டையில் சுற்றி உறைக்குள் சொருகிக்கொண்டு ரோட்டரி கூட்டத்துக்குப் போயிருக்கிறார். கனம் இல்லேன்னா நடக்க வரமாட்டேங்குது சாரதா என்றார், வெட்கமில்லாமல். வேர்வையும் தோலும் ஏறிப்போன அந்த உலக்கையை அவர் திரும்ப அடுக்களையில் வைக்க, அவள் அதை முறத்தால் அள்ளிக் குப்பையோடு குப்பையாகக் கொட்டினாள். சிரிப்பு வந்திருக்க வேண்டும். வேறு வீட்டில் நடந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

போனில் இப்போது அவர் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பு அவளுக்குத் தெரியும், ஆயுத பூஜைக் கதையைச் சொல்லும்போது வருகிற சிரிப்பு. மில்லில் இயந்திரங்களுக்கு, வண்டிகளுக்கு, அரிவாள் மண்வெட்டிக்கு எல்லாம் பொட்டு வைத்து முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் பூஜை அறையில் அந்த ரெண்டும் வாழையிலையில் படுத்திருக்கும். வீட்டுப் பொம்பளைதான் பொட்டு வைக்கணும், அதுதான் முறை என்பார். போன வருசமும் வைத்தாள். சந்தனத்தைக் குழைத்து, கறுப்புப் பிஸ்டலின் பிடியில் ஒரு பொட்டு, மேலே ஒரு பொட்டு, நுனியில் ஒரு பொட்டு. நுனியில் வைக்கும்போது வழுக்கியது, இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, குனிந்து, அதன் வாய்க்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு, சந்தனம் ஓட்டைக்குள் போய்விடக் கூடாதே என்று பயந்து பயந்து வைத்தாள். பயந்தது சந்தனத்துக்கு. மறுநாள் துடைக்க எடுத்தவர், அட, இதைப் பாரேன் என்று கூப்பிட்டார். தோட்டாக்கூட்டை உருவி எடுத்துவிட்டால் காலி என்று நினைத்துவிட்டார், ஏற்கெனவே குழலுக்குள் ஏறியிருந்த ஒரு தோட்டாவை மறந்துவிட்டார். உள்ளங்கையில் போட்டு உருட்டிக் காட்டினார், பித்தளை, வேப்பம்பழம் அளவு. நல்லவேளை, சாமி காப்பாத்துச்சு என்று ஒரு சிரிப்பு. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, அதான் ஒண்ணும் ஆகலையில்ல என்று கொஞ்சம் எரிச்சல். அன்றைக்கே கிளப்புக்குப் போய், என் ஊட்டுக்காரி லோடு பண்ணுன பிஸ்டலுக்குப் பொட்டு வெச்சவ என்று கதையை அவிழ்த்துவிட்டார். அது இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது, கூட்டத்துக்குத் தகுந்த மாதிரி சந்தனம் கூடும், குறையும். கல்யாண வீட்டில் முன்பின் தெரியாத ஒரு ஆள் அவளைப் பார்த்து, நீங்கதானா அந்தம்மா என்று கேட்டான். நான்தானுங்க என்று சொன்னாள். சொல்லியிருக்கிறாளே, நான்தானுங்க என்று! விரலைப் பார்த்துக்கொண்டாள். அந்த மோதிர விரல்தான். இதே விரலால் பொண்ணு நெற்றியிலும் வைத்திருக்கிறாள்.

ஆனால் அதற்கும் முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். கோயிலில் தெரிந்தது. செருப்பை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு, எருமைத் தோலைத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே வருகிற பக்தி அவருடையது, அதை விடு. அவர் முன்னால், தேங்காய்த் தட்டோடு அவள் பின்னால், இடது பக்கமாக ஓரடி தள்ளி. எங்கே போனாலும் அவளுக்கு அந்த இடம்தான். சந்நிதியில் கற்பூரம் காட்டியதும் அவர் ரெண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். சஃபாரி மேலே ஏறியது. அக்குளுக்குள்ளிருந்து அது அவளைப் பார்த்தது. உறையின் அடி திறந்திருக்கும், பிஸ்டல் படுக்கைவாக்கில் கிடக்கும், பிடி முன்னால், வாய் பின்னால். அவருக்கு எடுக்கத் தோதாக, பின்னால் நிற்கிறவர்களுக்கு நேராக. அவர் உயரம், அவள் குள்ளம், சரியாக மூக்குக்கு நேரே அந்தக் கறுப்பு ஓட்டை. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள், அவள் மூடவில்லை. அப்படியானால் கல்யாண வீடுகளில், பஸ் ஸ்டாண்டில், பந்தியில் கை கழுவும் வரிசையில், மைதிலியின் பட்டமளிப்பு விழாவில், எல்லா இடத்திலும் இது அவளைப் பார்த்துக்கொண்டேதான் வந்திருக்கிறது. பின்னால் பேரனைத் தூக்கிக்கொண்டு மைதிலி நின்றிருந்தால் குழந்தையை. அதைப் பொண்ணு எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டாள், பெங்களூரிலிருந்து வருவதே இல்லை. அது வீட்டுல இருக்கற வரைக்கும் நான் வரமாட்டேம்மா என்று சொல்லிவிட்டாள். ஒன்றுக்கே வராதவள் அம்மா பேரிலும் ஒன்று என்றால்? அம்மா அக்குளிலும் ஒன்று என்றால்? அந்தக் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்தால் அதன் நெஞ்சு எங்கே வந்து படும் என்று கையை வைத்துப் பார்த்தாள். சரியாக உறையின் மேல்தான் பட்டது. சட்டென்று கையை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டாள், மறுபடியும் துடைத்துக்கொண்டாள்.

அது இருக்கிற வரைக்கும் வரமாட்டேன். ஆறுச்சாமி சொன்னதும் இதே வார்த்தைதான், எழுத்து பிசகாமல். அதைத்தானே மிரட்டல் என்கிறார்கள்? அவள் மோட்டார் ரூம் நிழலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். மில்லுக்குப் பின்னால் தென்னந்தோப்பில் அவர் குறி பழகுகிறார், டிரைவர் ஆறுச்சாமி வெட்டுப்பட்ட மரத்தடியின் மேல் இளநீரை வைக்கிறான், வைத்துவிட்டு நகர்ந்ததும் சுட வேண்டும். அன்றைக்கு நகரும் முன்னாலேயே சத்தம் கேட்டது. தோப்பிலிருந்த காக்கை அத்தனையும் கிளம்பியது. இளநீர் சிதறி அவன் முகமெல்லாம் தண்ணீர், ரத்தம் என்று நினைத்து அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் சிரித்தார். பயந்துட்டயாடா என்றார். ஆறுச்சாமி துண்டால் முகத்தைத் துடைத்தான், காதைத் தடவிப் பார்த்துக்கொண்டான், வீடு வரைக்கும் நடந்து வந்து கார்ச் சாவியை வாசல்படியில் வைத்தான். உங்க கையில அது இருக்கற வரைக்கும் இந்த வாசலுக்கு நான் வரமாட்டனுங்க. அவ்வளவுதான் சொன்னான், குரலைக்கூட உயர்த்தவில்லை. அவளைப் பார்த்து, வர்றனுங்கம்மா என்று கும்பிட்டுவிட்டுப் போனான். மைதிலியைக் காலேஜுக்குக் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவந்தவன், ஒருநாள்கூடக் கார்க் கண்ணாடி வழியாகப் பின்னால் பார்க்காதவன் என்று பொண்ணே சொல்லியிருக்கிறாள். இப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். போலீஸ் ஒரு தடவை அவன் வீட்டு வாசலுக்குப் போய் நின்றால் போதும், எந்தப் பள்ளிக்கூடம் வேன் சாவியைக் கையில் கொடுக்கும்? சுட்டவர் வெல்வெட் துணியை நீவிக்கொண்டிருப்பார், தப்பித்தவன் ஸ்டேஷனில் கை கட்டி நிற்பான், அதற்கு அவள் வாயிலிருந்து ஒரு பேர் வேண்டும். பாவாடையைக் கிழித்த மாதிரி இதையும் கிழித்துத் துடைத்துக்கொள்வார்கள். த்தூ. அவளுக்கு நிஜமாகவே எச்சில் ஊறியது, துப்ப இடமில்லாமல் விழுங்கினாள்.

ஜீப் வந்து நிற்கிற சத்தம். வாங்க, வாங்க என்று அவர் குரல் முன்னால் வந்தது, ஆள் பின்னால் வந்தார். எஸ்.ஐ. சின்ன வயசுதான், மைதிலியைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கலாம், கையில் ஒரு பைல். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை, கண் நேராகக் கண்ணாடி அலமாரிக்குப் போய்விட்டது. சென்னியப்பனுக்கு வேறென்ன வேண்டும்! ரிவால்வர் உள்ளே இருக்குதுங்க, பிஸ்டல் நம்ம மேலயே இருக்குது என்று சஃபாரியைத் தட்டிக் காட்டினார். அலமாரியைத் திறந்து, குனிந்து, இது இன்ன வருசத்தது, இது இன்ன தோல் என்று ஆரம்பித்துவிட்டார். எஸ்.ஐ. அவருக்குப் பின்னால், இடது பக்கமாக ஓரடி தள்ளி, கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். அவளுடைய இடம். அதே இடம். சென்னியப்பன் மேல்தட்டைத் தொடக் கையைத் தூக்கியபோது சஃபாரி தூக்கிக்கொண்டது. எஸ்.ஐ. பைலைத் திறந்து, அலமாரியிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, சொல்லுங்கம்மா, உங்களுக்கு யாரால ஆபத்து என்று கேட்டார். அவர் திரும்பாமலேயே, சொல்லு சாரதா என்றார். ஆறு என்று நாக்கு ஆரம்பித்தது, பழக்கம், அவர் காட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போட்டுப் போட்டு வந்த பழக்கம். வார் தோளை அறுத்தது. அக்குளிலிருந்து ஒரு சொட்டு வேர்வை இறங்கி இடுப்பு வரைக்கும் போனது, அது போய்ச் சேரும் வரைக்கும் அவள் காத்திருந்தாள்.

"தம்பி, மொதல்ல நீங்க அங்கிருந்து இந்தப் பக்கம் வந்துருங்க" என்றாள்.

எஸ்.ஐ.க்குப் புரியவில்லை. டீ குடிக்கக் கூப்பிடுகிறாள் என்று நினைத்து, இருக்கட்டும்மா, அப்புறம் குடிக்கறேன் என்றார்.

"டீக்கு இல்லீங்க. அவர் கைக்குக் கீழ பாருங்க. அது பின்னாலதான் பாத்துட்டு இருக்கும். இத்தனை வருசமா நான் நின்ன எடமுங்க அது."

எஸ்.ஐ. குனிந்து பார்த்தார். பிறகு பைலை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு சுவரோரமாகத் தள்ளி நின்றார். சென்னியப்பன் தூக்கிய கையோடு திரும்பினார், திரும்பும்போது எஸ்.ஐ. இன்னும் கொஞ்சம் தள்ளிக்கொண்டார். என்ன சாரதா உளறுற, ஆறுச்சாமி சங்கதியச் சொல்லு என்றார், சிரிக்கப் பார்த்தார், பாதியில் நின்றுவிட்டது. ஆறுச்சாமி சங்கதிதானே, சொன்னாள். இளநீரைச் சொன்னாள், சாவியைச் சொன்னாள், அவன் சொன்னதை அவன் சொன்னபடியே சொன்னாள். ஆயுத பூஜையையும் சொன்னாள், கிளப்பில் சொல்கிற மாதிரி இல்லாமல். எஸ்.ஐ.யின் பேனா பைலின் மேல் நின்றுகொண்டிருந்தது. அப்ப ஆபத்து யாராலன்னு நான் என்னம்மா எழுதறது என்று கேட்டார், அவரைப் பார்க்காமல் அவளை மட்டும் பார்த்து.

"நீங்க இப்ப எதுக்குத் தள்ளி நின்னீங்களோ, அதையே எழுதிக்குங்க தம்பி."

சொல்லிவிட்டு, முந்தானைக்குள் கையை விட்டு வாரின் கொக்கியைத் தேடினாள்.